கடல் பக்கத்துக் கார்புரேட்டர்

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் போனில் பேசி அனுப்பும் குரல் செய்திகளை அவள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாளாம். "நீ இழுத்து இழுத்துப் பேசுறம்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாகுதுல்ல" என்று போன வாரம் சொன்னாள். நம் செட்டு ஆட்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளை விசாரித்துப் பாருங்கள். மூட்டு வலி, சர்க்கரை, மருமகள் புராணம் என்று நாம் பத்து நிமிடம் பேசி அனுப்புவதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. குரலின் வேகம் மாறினால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். அதில் ஒரு மோட்டார் சைக்கிளும் சேர்ந்துகொண்டது.

எங்கள் வீடு மணமேல்குடியில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா வளைகுடா நாட்டுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை இரண்டு மாத லீவில் வந்து போனார். அடுத்த லீவுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வீட்டில் அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. கொல்லையில் கீற்றுக் கொட்டகை ஒன்று, அதற்குள் தார்ப்பாய் போட்டு மூடிய அத்தாவின் வண்டி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர் வைத்த டூ ஸ்ட்ரோக் வண்டி. நம் இளமையில் சாலையில் அது வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், நினைவிருக்கிறதா? அத்தா திருச்சியில் யாரிடமோ பழையதாக வாங்கியது. வாங்கிய கையோடு பின் சீட்டை அறுத்து, ஒரு ஆள் மட்டும் குனிந்து உட்காரும்படி ரேஸ் சீட்டாக மாற்றிவிட்டார். கைப்பிடியையும் தாழ்த்திவிட்டார். கோட்டைப்பட்டினம் போகிற பஸ்ஸை முந்துவதுதான் அவருக்கு வேலை. அத்தாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரியத்தா, அதை வண்டி என்றே சொல்ல மாட்டார். "அந்த வெட்டுக்கிளி" என்பார். அத்தா விமானம் ஏறிய பிறகு கடற்காற்று அதைத் தின்றது. சங்கிலி உறைந்து போனது. பெட்ரோல் டேங்குக்குள் விரலை விட்டால் துரு பொடிப்பொடியாக வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் போன் கிடையாது. கடிதம் உண்டு, ஆனால் கேசட்தான் பெரிது. அத்தா லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன டேப்ரிக்கார்டர் எங்களிடம் இருந்தது. அவர் பேசிப் பதிவு செய்த கேசட், ஊருக்கு வருகிறவர் யாராவது ஒருவர் கையில் வரும். நாங்கள் பேசிய கேசட், அங்கே போகிறவர் கையில் போகும். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் சலாம். பிறகு ஆளாளுக்கு நாங்கள் நல்லா இருக்கிறோம், நீங்கள் நல்லா இருக்கிறீர்களா. காய்ச்சல் வந்ததைச் சொல்லக் கூடாது, கூரை ஒழுகுவதைச் சொல்லக் கூடாது, அழக் கூடாது. தூரத்தில் இருக்கிற மனுஷனைக் கலங்கடிக்கலாமா என்பார்கள். பட்டன் என் பொறுப்பு. அம்மாவின் குரல் கொஞ்சம் கம்மினால் நான் உடனே பதிவை நிறுத்த வேண்டும். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டியதும் திரும்ப அழுத்த வேண்டும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கொஞ்ச நாளாக அத்தாவின் குரல் மாறிக்கொண்டே வந்தது. கனமாகிவிட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே யோசிப்பவர்போல் இருந்தார். பின்னணியில் கேட்கும் பள்ளிவாசல் பாங்குகூட நீண்டு நீண்டு ஒலிக்கும். அந்த நாட்டில் இப்படித்தான் இழுத்துச் சொல்வார்கள்போல என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நான் பள்ளிக்கூடத் தோழிகளிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு கேசட் வந்தது. அதற்கு முன் நாங்கள் அனுப்பியதில் தம்பி ஒரு பாட்டுப் பாடியிருந்தான். அத்தா மெதுவாக, அடிக்குரலில், "தம்பி பாடுன பாட்ட நெனச்சா எனக்கு..." என்று ஆரம்பித்தார். பிறகு பேச்சு வரவில்லை. விட்டு விட்டு, தொண்டைக்குள்ளிருந்து பெரிய பெரிய மூச்சாக ஒரு சத்தம். அதோடு கேசட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. அம்மா இரண்டு முறை திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்றாம் முறை போடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுகுறாகடி" என்றாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது அம்மா கொட்டகையில் நின்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குடியிருந்த கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது.

"என்னம்மா பண்றே?"

"இத ஓட வைக்கப்போறேன். அங்க மனசு விட்டுப்போயி உக்காந்துருக்காக. பொண்டாட்டி புள்ளைக்கு வராத மனுஷன் இதுக்காவது வருவாக."

இப்போது நினைத்தால் அந்தப் பேச்சில் எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்று தெரிகிறது. அப்போது எனக்கு ஒரே குஷி. அம்மா தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினைப் பாயில் பிரித்துப் போட்டு, எண்ணெய் விட்டு, ஒரு திருகாணி மிச்சமில்லாமல் திரும்ப மாட்டிவிடுவாள். அதே தைரியத்தில் வண்டியையும் பிரித்துவிட்டாள். மாட்டுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது.

ஆள் பக்கத்திலேயே இருந்தார். எங்கள் கொல்லைக்கு அடுத்த இடத்தில் போட் இன்ஜின் பட்டறை. இடையில் ஓலைத் தட்டி. அந்த மெக்கானிக் கை போட்டால் ஓடாத இன்ஜின் கிடையாது என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. ஆனால் அத்தா ஊரில் இல்லாத வீட்டுக்குள் வெளி ஆண்கள் வரும் வழக்கமில்லை. அவரும் அதை மதிப்பவர். ஆகவே ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார், இந்தப் பக்கம் அம்மா முக்காட்டை இழுத்துக் காதோரம் செருகிக்கொண்டு ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பாள். அவர் வண்டியைக் கண்ணால் பார்க்காமலே வேலை சொல்லுவார். ஸ்பானர், திருப்புளி, கிரீஸ் டப்பா எல்லாம் தட்டிக்கு அடியில் கோழி நுழைகிற ஓட்டை வழியாக வரும்.

"பிஸ்டன் அசையுதா தங்கச்சி?"

"அசையலண்ணே. கல்லு மாதிரி இருக்கு."

"பிளக்கக் கழட்டிட்டு அந்த ஓட்டையில டீசல ஊத்தி விடுங்க. ஒரு வாரம் ஊறட்டும். சோறு வடிக்கிற மாதிரி அவசரப்படக் கூடாது."

"நான் சோறு வடிக்கிறத நீங்க எப்ப பாத்தீங்க?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

முதல் பெரிய குழப்பம் இடது வலதில் வந்தது. அவர் தட்டியைப் பார்த்து நின்று "இடது கார்புரேட்டர்" என்பார். அம்மா தட்டியைப் பார்த்து உட்கார்ந்து தன் இடது கைப்பக்கம் இருப்பதைக் கழற்றுவாள். அவருக்கு இடது, இவளுக்கு வலது. மூன்று நாள் நல்ல கார்புரேட்டரையே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தட்டியின் மேல் எட்டி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து கிழக்கே இருந்தது கடல் பக்கத்துக் கார்புரேட்டர், மேற்கே இருந்தது பள்ளிவாசல் பக்கத்துக் கார்புரேட்டர். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் அதே பெயர்தான். வண்டியைத் திருப்பி நிறுத்தவே கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள். ஒரு நாள் தம்பி விளையாட்டாகத் திருப்ப முயன்று முதுகில் நாலு வாங்கினான்.

பெட்ரோல் டேங்க் துருவுக்கு மெக்கானிக் ஏதோ ஆசிட் சொன்னார். அம்மா கேட்கவில்லை. பித்தளைக் குடம் துலக்குகிற புளியைக் குடம் குடமாகக் கரைத்து ஊற்றினாள். கொஞ்சம் கல் ஜல்லியும் போட்டு வாயை அடைத்து, நானும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முறத்தில் புடைப்பதுபோல் ஆட்டினோம். மூன்றாம் நாள் கவிழ்த்தபோது ரசம் மாதிரி வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குப் புளி இல்லை.

இந்தச் சமயத்தில் பெரியத்தா வந்தார். பாயில் வரிசையாக நட்டும் போல்ட்டும் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

"பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியத வச்சுக்கிட்டு என்ன கூத்து இது? பொம்பளப் புள்ள வேற பக்கத்துல கிரீசோட நிக்குது. நாளைக்கு யாரு கட்டுவா?"

"அவ கட்டிக்கிறவனுக்கு வண்டி ரிப்பேரானா இவளே பாத்துக்குவா மச்சான். ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா. டீ கிளாசில் கிரீஸ் ரேகை பதிந்திருந்தது. பெரியத்தா அதைக் குடிக்கவில்லை.

வண்டியைப் பிரித்த செய்தியை அத்தாவுக்குக் கேசட்டில் சொன்னோம். பதிலுக்கு ஒரு பொதி வந்தது. சோப்பு, தைலம், பால் பவுடர் டப்பாவுக்கு நடுவில் துணியில் சுற்றிய பிஸ்டன் ரிங்குகள், பிளக்குகள், ஹாலஜன் பல்பு, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் புது மாதிரி இக்னிஷன் செட். அந்தச் செட்டை எப்படி மாட்டுவது என்று ஒரு கேசட் முழுக்கப் பேசியிருந்தார். நான் ஒரு வரி ஓட்டி நிறுத்துவேன், அம்மா ஒரு வயரை மாட்டுவாள். "செவப்பு... வயர... மேல... இருக்கிற..." என்று அவர் நிதானமாகச் சொன்னது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? என் நோட்டில் எழுதிக்கொள்ளக்கூட நேரம் கிடைத்தது. வாத்தியார்கள் எல்லாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அதே கேசட்டின் கடைசியில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "ஒன் கொரலு கல்யாணத்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. சின்னப் புள்ள மாதிரிப் பேசுறே." அம்மா சட்டென்று டேப்பை நிறுத்தச் சொன்னாள். நான் போன பிறகு அவளே அதைத் திரும்பப் போட்டுக் கேட்டது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு நாள் எந்தத் தப்புக்கும் எங்களுக்கு அடி விழவில்லை.

சிலிண்டர் பிளாக்கை மெக்கானிக் சாக்கில் கட்டி அறந்தாங்கி லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து வந்தார். சைலன்சர்களில் அடைத்திருந்த கரியைக் கொல்லையில் வைக்கோல் போட்டு எரித்தோம். அம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஒற்றை ஆள் சீட்டு. ஒரு நாள் அதைக் கழற்றி வீசிவிட்டாள். பழைய பஸ் சீட்டின் ஸ்பாஞ்சை வாங்கிவரச் சொல்லி, கறுப்பு ரெக்சின் வெட்டி, தன் மெஷினிலேயே இரட்டைத் தையல் போட்டு நீள சீட்டு ஒன்று தைத்தாள். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். அத்தா, தான், நான், தம்பி என்று எங்களை உட்காரவைத்து இஞ்ச் டேப்பால் அளந்து தைத்தது. ஆள் இல்லாத அத்தாவின் இடத்துக்கு ஒரு தலையணையை வைத்திருந்தாள்.

"ரேஸ் வண்டியக் கெடுத்துட்டீங்களே தங்கச்சி" என்றார் மெக்கானிக், நான் சீட்டின் நீளத்தைச் சொன்னதும்.

"ஒத்த ஆளா ஓட்டுனது போதும்ணே" என்றாள் அம்மா.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வண்டி பிடித்தது. முதலில் கடல் பக்கம் மட்டும் வெடித்தது. பள்ளிவாசல் பக்கம் ஊமையாக இருந்தது. அம்மா ஏழாவது தடவை உதைத்தபோது இரண்டும் சேர்ந்து பிடித்து, கொல்லை முழுக்க நீலப் புகை. இரட்டைச் சைலன்சரின் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தம்பி காதைப் பொத்திக்கொண்டு குதித்தான். கோழிகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தட்டிக்கு அடியில் புகுந்து பட்டறைக்குப் போய்விட்டன. அம்மா முக்காடு நழுவியது தெரியாமல் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் தட்டியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "ரெண்டும் ஒண்ணாப் பேசுது தங்கச்சி" என்றார்.

அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினோம். ஒரு மாதம் காத்திருந்தோம். பதில் வந்தது.

"வண்டி சத்தம் கேட்டேன். சும்மா நிக்கையில ஓடுற ஐடிலிங் ரொம்ப அதிகமா இருக்கு. வீணா ஓடுது. ஸ்குரூவக் கொறைங்க."

குறைத்தோம். வண்டி நிற்க ஆரம்பித்தது. உதைத்தால் பிடிக்கும், கையை எடுத்தால் அணைந்துவிடும். அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பினோம். அதற்கும் "இன்னும் அதிகம்தான், கொறைங்க" என்று பதில் வந்தது. ஆனால் அந்தக் கேசட்டில் வண்டி பெரிய விஷயமில்லை. அத்தா அதே கனத்த குரலில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விஷயம்.

"கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நீங்கல்லாம் பேசுறதக் கேட்டா அங்க எல்லாம் குஷியா, வேகமா ஓடுது. எங்கிட்டப் பேசக்கூட நேரமில்லாம ஓடுறீங்க. நான் வந்து என்ன செய்யப்போறேன். போட்டுறவா."

அம்மா முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் செய்த வேலை முழுக்க ஒரே காரியத்துக்காக, அவர் வர வேண்டும் என்பதற்காக. அது இப்போது தலைகீழாகப் போயிருந்தது. வண்டி ஓடுகிற குஷியில் நாங்கள் அவரை மறந்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டாரோ என்று அவளுக்குத் திகில். "வேகமா எங்கடி பேசுனோம்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் புரியவில்லை.

மெக்கானிக்குக் கோபம் வேறு மாதிரி வந்தது. "நான் ரெண்டு காதாலயும் கேட்டுத்தான ஸ்குரூவ வச்சேன். இதுக்கு மேல கொறைச்சா எப்படி நிக்கும்? அவருக்குக் காது போச்சா? அந்தக் கேசட்ட இங்கிட்டுக் கொண்டாந்து போடு பாப்பா, கேப்போம்."

டேப்பைத் தட்டியோரம் வைத்துப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாரு பேசுறது?"

"அத்தாதான்."

"இது ஒங்க அத்தா இல்ல பாப்பா. அவரு பேசுனா சட்டியில பொரி பொரிஞ்ச மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா? இது நடுக்கடல்ல டீசல் தீந்துபோன இன்ஜின் மாதிரில்ல இழுக்குது." பிறகு நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். "தங்கச்சி, ஒங்க டேப்பு மெதுவாச் சுத்துது."

அம்மா வண்டிக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்து டேப்ரிக்கார்டரின் முதுகைக் கழற்றினாள். உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கிற ரப்பர் பெல்ட் நைந்து, தளர்ந்து தொங்கியது. தையல் மெஷின்காரிக்குத் தளர்ந்த பெல்ட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல்ட் வழுக்கினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். எங்கள் டேப்பில் அத்தா மெதுவாகப் பேசுவார். எங்கள் டேப்பில் மெதுவாகப் பதிந்த நாங்கள், அவருடைய நல்ல டேப்பில் வேகமாகப் பேசுவோம். வண்டியும் அப்படித்தான் வேகமாக ஓடும். நாங்கள் பேசியதை இங்கேயே போட்டுக் கேட்டால் சரியாகவே கேட்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே பிழை. வேறு பாட்டுக் கேசட் எதுவும் வீட்டில் இல்லாததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. சுருங்கும். கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்றார் மெக்கானிக்.

டீப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பெல்ட்டைப் போட்டாள் அம்மா. துடைத்து மாட்டினாள். பிறகு பெட்டியிலிருந்த அத்தாவின் கேசட்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "தம்பி பாட்டப் பத்திப் பேசுனாகளே, அந்தக் கேசட்டப் போடு" என்றாள்.

போட்டேன். ஒரு வாலிபனின் குரல் படபடவென்று வந்தது. தம்பி பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டான். "தம்பி பாடுன பாட்ட நெனச்சா எனக்கு" என்று அந்தக் குரல் சொன்னது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அடக்க முடியாமல் சிரித்திருந்தார் மனுஷன். அணில்குஞ்சு மாதிரிக் கீச்சுக் குரலில் தன் மகன் பாடினால் எந்தத் தகப்பன் சிரிக்க மாட்டான்?

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் நான் சிரித்தேன், பிறகு தம்பி, பிறகு அம்மா. தட்டிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கும் அவருடைய ஆட்களும். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுக்கா நான் இத்தன மாசம் அழுதேன்" என்று டேப்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று சாயங்காலம் வரை எல்லாக் கேசட்டையும் போட்டுக் கேட்டோம். எங்களுக்குப் புதிதாக ஒரு அத்தா கிடைத்த மாதிரி இருந்தது. துறுதுறுவென்று பேசுகிற, கேலி செய்கிற, நடுநடுவே பாட்டு முணுமுணுக்கிற அத்தா. இழுத்துச் சொன்ன பாங்கும் நம் ஊர்ப் பாங்கு மாதிரியே இருந்தது. தோழிகளிடம் அளந்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குக் கவலை.

கடைசிக் கேசட்டை அம்மா கடைசியாகத்தான் போடச் சொன்னாள். "நான் வந்து என்ன செய்யப்போறேன். போட்டுறவா." முடிவெடுத்துவிட்டவரின் பேச்சாக நாங்கள் கேட்டிருந்தது இப்போது கேள்வியாக இருந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல், அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருந்த சில நொடிகள்கூடப் பதிவாகியிருந்தன. அம்மா சிரிப்பை நிறுத்தினாள். கல்யாணத்தப்ப இருந்த மாதிரிக் குரல் என்று அவர் சொன்னதும் பெல்ட் செய்த வேலைதான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கும். கன்னம் சிவந்தது.

மறுநாளே ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பி, வண்டிச் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்தோம். நானும் தம்பியும் சலாம் சொன்னோம். பிறகு அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"நான் பட்டன் அமுக்க வேணாமா?"

"வேணாம். இன்னைக்கு நானே அமுக்கிக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து கிளம்பிய ஒருவர் கையில் கேசட் போனது. அத்தா சொன்ன மாதக் கடைசிக்கு நாட்கள் கொஞ்சமே இருந்தன. அம்மா வண்டியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். மாதக் கடைசியும் வந்து போனது. பதில் கேசட் வரவில்லை.

கோடை லீவு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். உச்சி வெயில். வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் டிரைவரிடம் படபடவென்று ஏதோ பேசினார். நான் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன். அந்தப் பெல்ட்டைக் கொதிக்கவைக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் குரல் யாருடையது என்றே தெரிந்திருக்காது. கத்திக்கொண்டு ஓடினேன்.

அம்மா கை முழுக்கக் கிரீசோடு கொல்லையிலிருந்து வந்தாள். அத்தா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீக?" என்றாள்.

"நீ பேசுறது ரொம்ப மெதுவாகிப்போச்சு" என்றார் அத்தா. "டேப்பு கெட்டுருந்துச்சுன்னு நீ சொல்றே. எந்தக் கேசட்ட நம்புறதுன்னு எனக்குத் தெரியல. அதான் நேர்ல கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்தன வருசத்துல எத்தன கேசட்டு. நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு மட்டுந்தான் சொன்னே. வாங்கன்னு நீ சொன்னது இதுலதான்."

"கூப்புட்டாத்தான் வருவீகளா?"

"கூப்புடாம எப்படி வர்றது?"

பிற்காலத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பெல்ட்டின் மேல் பழியைப் போட்டுச் சிரிப்போம். ஆனால் பெல்ட் நன்றாக இருந்த நாட்களிலும் எங்களில் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்ல வந்தபோதெல்லாம் பட்டனை அழுத்தி நிறுத்தியவள் நான்தான். அது எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

கம்பெனியில் ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு மாத லீவில் வந்திருந்தார் அத்தா. கையெழுத்துப் போடும் காகிதம் அவர் பெட்டியில் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார்கள். ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். புளியைப் பற்றிக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தட்டியின் மேல் எட்டி மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மெக்கானிக் முதல் முறையாக எங்கள் கொல்லைக்குள் வந்து வண்டியை நேரில் பார்த்தார். "நான் நெனச்சதவிட சின்னதா இருக்கு" என்றார்.

அத்தா கிளம்ப வேண்டிய நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, விடிந்ததும் எல்லாரும் வண்டியில் கடற்கரைக்குப் போனோம். தம்பி டேங்க் மேல், அத்தாவுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா. நீள சீட்டில் இடம் தாராளமாக இருந்தது. வழியில் பெரியத்தா பல்குச்சியோடு நின்று வாயைப் பிளந்தார். கடற்கரையில் படகுகள் ஓரமாக வண்டியை நிறுத்தி, இறங்காமல், இன்ஜினை அணைக்காமல் அத்தா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சிலிண்டரும் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தன.

என் தலைக்கு மேலாக அம்மா ஏதோ சொன்னாள். நடுவில் இருந்த எனக்குக் கேட்டது. அத்தாவுக்குக் கேட்கவில்லை. அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"என்ன சொன்னே?"

வழக்கம்போல ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"போகாதீங்கன்னு சொன்னேன்" என்றாள் அம்மா.

அத்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகில் சாய்ந்திருந்த எனக்கு அவர் மூச்சு இழுத்து விட்டது தெரிந்தது.

"சரி" என்றார்.